மாட்டுக்கு அரைத்த ராகி

"ஜன்னலைச் சாத்து புள்ள," என்றார் மாரப்பன்.

பாவாத்தாள் சாத்தினாள். கதவுத் தாழையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் களி உருண்டை தட்டுக்கு வந்தது. நான்கு நாட்களாக அந்த வீட்டில் சாப்பாடு இப்படித்தான், கள்ளச் சாராயம் குடிப்பதுபோல நடந்துகொண்டிருந்தது.

மாரப்பன் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. எந்த மிஷினில் நூல் அறுந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் காது அவருக்கு. அந்தக் காதில்தான் போன வாரம் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பார்டர்ல நிக்கறீங்க. வாயைக் கட்டுனா இந்தப் பக்கமே இருந்துக்கலாம். இல்லீன்னா அந்தப் பக்கம் போயிருவீங்க."

அரிசியைக் குறைக்க வேண்டும். ராகிக் களி, கீரை, கொள்ளு. இனிப்பு என்ற பேச்சே கூடாது.

மாரப்பனுக்குச் சர்க்கரை வியாதியைக் கண்டு பயமில்லை. பயமெல்லாம் மகள் செவ்வந்தியைப் பற்றித்தான். டீச்சர் ட்ரெயினிங் முடித்து மூன்று வருஷமாக வீட்டில் இருக்கிறாள். வந்த இரண்டு வரன்களும் நழுவிவிட்டன. டாக்டரைப் பார்த்த மூன்றாம் நாள், கல்யாணம் பேசி முடிக்கும் மாசாணியம்மாள் பெருந்துறையிலிருந்து ஒரு வரனோடு வந்து நின்றாள். பையன் பெயர் கௌதமன். அங்கே ஒரு பெரிய தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குணமான குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு மோர் குடித்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் வெள்ளிக்கிழமையே ஆள் அனுப்பிவிடுவார்கள் என்பது மாரப்பனுக்குத் தெரியும். யாராவது உறவுக்காரர் வந்து டீக்கடை, மாவு மில், ரேஷன் கடை என்று ஒரு சுற்றுச் சுற்றி, பெண் வீட்டைப் பற்றி ஊர் வாயைக் கிளறிவிட்டுப் போவார். அப்பனுக்குச் சர்க்கரை என்று அந்த ஆள் காதில் விழுந்தால் போதும். மகளுக்கு வரும், பேரனுக்கும் வரும் என்று அவர்களே முடிவு கட்டி வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆகவே ரத்தச் சீட்டு இரும்புப் பெட்டியில் பழைய புடவைக்கு அடியில் போய்விட்டது. வீட்டில் அந்த வியாதியின் பேரையே யாரும் சொல்லக் கூடாது என்று உத்தரவு. பாவாத்தாள் பக்கத்து வீட்டுக்காரியோடு பத்து நிமிஷம் பேசினால் மாரப்பன் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

ஆனால் முதலில் மாட்டிக்கொண்டவர் அவரேதான். வழக்கமாகச் சர்க்கரை தூக்கலாகக் குடிக்கிற மனிதர், மைதீன் பிச்சையின் டீக்கடையில் வாய் தவறி, "சக்கரை வேண்டாம் பாய்," என்றுவிட்டார்.

ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது.

"ஏனுங்க மேஸ்திரி, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

பெஞ்சில் இருந்த நான்கு தலைகள் திரும்பின.

"பல்லு வலிங்க பாய்," என்றார் மாரப்பன்.

மத்தியானத்துக்குள் மில் முழுக்கப் பல்வலி பரவிவிட்டது. மூன்று பேர் கிராம்பு கொண்டுவந்தார்கள். ஒருவர் காந்திபுரத்தில் வலிக்காமல் பல் பிடுங்கும் டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்து, தானே கூட்டிப் போவதாக நின்றார். ஷிப்ட் முடிகிற வரை மாரப்பன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டே திரிந்தார். எந்தக் கன்னம் என்பதுதான் அடிக்கடி மறந்துபோனது.

வெள்ளிக்கிழமை காலை டீக்கடை பெஞ்சில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மஞ்சள் பை. கையில் பேப்பர், ஆனால் பக்கம் புரளவே இல்லை. மாரப்பன் மின்கம்பத்துக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டினார்.

"மேஸ்திரி ஊட்டுல சாப்பாடெல்லாம் எப்படீங்க பாய்?" என்று அந்த ஆள் கேட்டார்.

மாரப்பனுக்குச் சந்தேகம் தட்டியது. எந்த ஊரில் சம்பந்தம் விசாரிக்க வந்தவன் குடியா, கடனா என்று கேட்காமல் சாப்பாட்டைக் கேட்பான்? யாரோ ஊதிவிட்டார்கள். பாவாத்தாளாக இருக்குமா? டாக்டரின் கம்பவுண்டரா? கிராம்பு கொடுத்த மூவரில் ஒருவனா?

யோசிக்க நேரமில்லை. நேராகக் கடைக்குள் போனார்.

"பாய், தூக்கலா ஒரு டீ போடுங்க. ரெண்டு ஜிலேபியுங் குடுங்க."

"பல்லு வலின்னீங்க?" என்றார் மைதீன் பிச்சை.

"அது நேத்தே சரியாப் போச்சுங்க."

ஜிலேபிப் பாகு முழங்கை வரை வழிய, மஞ்சள் பைக்காரருக்கு எதிரிலேயே நின்று தின்றார். அது போதாதென்று மூன்றாவதும் வாங்கினார். மஞ்சள் பைக்காரரின் முகம் வாடியதை ஓரக்கண்ணால் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிக்க வந்தவன் ஏமாந்துவிட்டான் என்று அவருக்குப் பரம திருப்தி. அன்று மத்தியானம் நாக்கு வறண்டு மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தார். வெயில் அதிகம் என்று சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை புதிய சந்தேகம் முளைத்தது. மாவு மில். யார் வீட்டில் எதைத் தின்கிறார்கள் என்பது மாவு மில்காரனுக்குத் தெரிகிற அளவு பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. பாவாத்தாள் ராகியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதைத் தடுத்து, தானே பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அன்னூரில் இறங்கி, தன்னை யாரென்றே தெரியாத ஒரு மாவு மில்லில் வரிசையில் நின்றார்.

அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். அதே மஞ்சள் பை.

பஸ் ஏறியும் பின்தொடர்கிறான் என்றால் இவன் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"ராகிங்களா?" என்றார் மஞ்சள் பைக்காரர்.

"மாட்டுக்குங்க," என்றார் மாரப்பன்.

"எத்தன உருப்படிங்க?"

"ரெண்டுங்க."

"இப்படிச் சுத்தமாப் பொடச்ச ராகியவா மாட்டுக்குப் போடறீங்க?" என்று அவர் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

"நாங்க யாருங்க ராகி திங்கறோம்?" என்றார் மாரப்பன்.

வீட்டுக்கு வந்தவர் மாவைக் கீழே வைப்பதற்குள் எதிர்வீட்டுச் சென்னகிருஷ்ணனிடம் ஓடினார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுதுக்கு அவருடைய இரண்டு மாடுகளும் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, வருகிறவர்களுக்கு மாடு பார்ப்பது சகுனம் என்றார்.

பாவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, பேசாம உள்ளதச் சொல்லிப்போடலாமுங்க. நாமென்ன திருடியா தின்னோம்?"

"நீ யாருகிட்டயாச்சும் சொல்லிப்போட்டயா?" என்று மாரப்பன் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். அவள் மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் இரண்டு மாடுகள் அன்னியமாக நின்றன. மாப்பிள்ளை கௌதமன், அவனுடைய அப்பா, அம்மா, பின்னால் மாசாணியம்மாள் என்று காரிலிருந்து இறங்கினார்கள். கடைசியாக மஞ்சள் பைக்காரர் இறங்கினார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாம், அன்னூராம். மாரப்பன் தன் மோப்பத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

தட்டில் வெல்லப் பூரணம் வைத்துத் தட்டிய ஒப்புட்டு, நெய் வழியக் கேசரி, காபி எல்லாம் வந்தன. யாரும் தொடவில்லை. மனசுக்குப் பிடிக்காத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பது ஊரறிந்த வழக்கம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பாதிச் சம்மதம் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அப்பா ஒப்புட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நம்மைத்தான் சோதிக்கிறார்கள் என்று மாரப்பன் நினைத்தார். நாம் தின்கிறோமா என்று பார்க்கிறார்கள். ஒரு ஒப்புட்டை எடுத்து மடித்து வாயில் போட்டார். இரண்டாவதையும் போட்டார். நான்காவதுக்குக் கண் இருட்டியது, ஆனாலும் சிரித்தார்.

"எங்க ஊட்டுல இனிப்பில்லாம ஒருத்தருங் கை கழுவ மாட்டோமுங்க. தெனமும் ஏதாச்சும் ஒரு பலகாரம் எம்பொண்ணு செஞ்சுபோடுவா."

மாப்பிள்ளையின் அம்மா செவ்வந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. கௌதமனும் தலையைக் குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

"காலையில என்ன கண்ணு செய்வீங்க?"

"ரா..." என்று ஆரம்பித்தாள் செவ்வந்தி.

"ரவாக் கேசரிங்க," என்றார் மாரப்பன். "களி, கம்பெல்லாம் எங்க அடுப்புல ஏறுனதே இல்லீங்க."

செவ்வந்தி அப்பாவைப் பார்த்த பார்வையில் கேசரியே கசந்துவிடும். அந்த நேரம் பார்த்துச் சென்னகிருஷ்ணன் பால் சொம்போடு வந்து, தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். தாய்மாமன் மாரப்பனைத் திரும்பிப் பார்த்தார். மாரப்பன் கூரையைப் பார்த்தார்.

வந்தவர்கள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்கள். போகும்போது மாப்பிள்ளையின் அம்மா செவ்வந்தியின் கன்னத்தைத் தடவி ஒரு பெருமூச்சு விட்டாள். கௌதமன் கார்க் கதவருகில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மாசாணியம்மாள் வந்தாள். சுற்றி வளைக்கவில்லை. பெண்ணைப் பிடித்திருக்கிறது, பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான், ஆனாலும் பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றாள்.

உள்ளே செவ்வந்தி நேற்றுக் கட்டிய பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள். இத்தனை செய்தும் தன் உடம்பு மகளின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டதே என்று மாரப்பனுக்குக் கண் கலங்கியது. கலங்கிய வேகத்தில் கோபமும் வந்தது. பாவாத்தாளைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். டீக்கடைப் பக்கம் பார்த்தார். ஊரில் ஒருவரையும் விடவில்லை.

"எனக்குச் சக்கரைன்னு அவங்ககிட்டப் போட்டுக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்," என்று பல்லைக் கடித்தார். "யாரா இருந்தாலுஞ் செரி, உள்ளதச் சொல்லீரு."

மாசாணியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாந்தானுங்க சொன்னேன். பையனோட அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் முத்திப்போன சக்கரை, வாயைக் கட்டிச் சாப்புடற ஊட்டுப் பொண்ணுதான் வேணும்னு ஆறு மாசமாத் தேடறாங்க. நீங்க ரத்தங் குடுத்த லேப்புலதான் எம்மருமக கூட்டிப் பெருக்கறா, அவகிட்ட உங்க பேர வாங்கி, உங்களுக்குச் சக்கரைன்னு சொல்லித்தானுங்க அவங்களக் கூட்டிட்டே வந்தேன்."