கோரை பிடுங்கிய வமைதா நான்தான்

லிமுரு,
சனிக்கிழமை.

பூங்கா மேலாளர் இருங்கு ஐயா சமூகத்துக்கு, வமைதா பாட்டி எழுதிக்கொண்டது. நான் நலம், ஆடும் நலம். தாங்களும் தங்கள் முழங்காலும் நலம்தானே?

முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மூத்த பேரன் முரீதி முதல் தடவையிலேயே லாரி உரிமம் வாங்கிவிட்டார். என் கணவர் பெயரை அவருக்கு வைத்ததால் "வீட்டுக்காரரே" என்றுதான் கூப்பிடுவேன். கணவருக்கு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்ட வராது. அடுத்தவள் நர்ஸ், அவள் ஊசி போட்டால் ஆடுகூடக் கத்தாது. எல்லோருக்கும் மேலே என் பெயர்க்காரி, பேத்தி வமைதா. செடிப் படிப்புப் படித்துத் தங்களிடமே வேலை பார்க்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அவள் வேலை நிரந்தரமாக வேண்டும். அவளுக்குப் போய், "செடியைப் பிடுங்கியதற்கு விளக்கம் கொடு" என்று கடுதாசி அனுப்பியிருக்கிறீர்களே! பாட்டியைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு சர்ச் முடிந்து பூங்காவுக்கு வந்தேன். அது நாற்றுப்பண்ணையாக இருந்த காலத்தில் முப்பத்தொரு வருஷம் அங்கே களை எடுத்தவள் நான். பாத்தியில் ஒரு கோரை நின்றாலும் மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிடும், அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போடும் கிதேரியில் எனக்குச் சோளம்தான் இருக்கும், பயறு விழாது. இப்போது "நிலத்தை இயற்கைக்கே திருப்பிக் கொடுத்தோம்" என்று போர்டு வைத்திருக்கிறீர்கள். உள்ளே வந்து பார்த்தால், ரோஜாவையெல்லாம் ஒழித்துவிட்டுக் கோரையை நட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, அதற்கு ஒரு மரப்பாலமும் போட்டு, நைரோபிக்காரர்கள் எதிரே நின்று ஆகா ஓகோ என்கிறார்கள். எனக்குக் கை நமநமத்தது. பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் நாலு குத்து வேரோடு வந்துவிட்டது. மறுபடி பிடிக்காதபடி மண்ணை உதறி, வேரை வெயிலுக்குக் காட்டியும் வைத்தேன். புதுக் காவலாளி கிமானி போனில் படம் எடுத்துக்கொண்டே ஓடி வந்தான்.

"ஐயையோ பாட்டி! என்ன பண்றீங்க?"

"களை எடுக்குறேன். பாத்துக்கிட்டு நிக்கிறியே, நீயும் ஒரு பக்கம் பிடியேன்."

"அது களை இல்ல, பாதுகாக்கிற செடி!"

"யாருகிட்டேருந்து?"

"உங்ககிட்டேருந்துதான்! பேரு என்ன?"

"வமைதா."

"இங்கயா வேலை?"

"முப்பத்தொரு வருஷம்டா!"

அவன் நோட்டில் எழுதியது: "வமைதா, ஊழியர், வேரோடு பிடுங்கினார்." வருஷத்தை விட்டுவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. அவள் படித்தது நடுவதற்கு. பிடுங்கக் கற்றவள் நான். தண்டனை எதுவானாலும் எனக்கே கொடுங்கள். இனி தங்கள் பூங்காவில் ஒரு புல்லைக்கூடத் தொடமாட்டேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடப்பேன்.

தங்கள் மாடு கன்று பெருகட்டும், மழை வேளைக்குப் பெய்யட்டும், தங்கள் கோரையும் நன்றாக வளரட்டும். (கடைசியை எழுதும்போது கை கூசியது.)

இப்படிக்கு,
வமைதா, மூத்தவள்.

பின்குறிப்பு: கடிதத்தைக் கொடுக்க வந்த இடத்தில், அலுவலக வாசலிலேயே ஒரு குத்து கோரை. பலகை இல்லையே என்று பிடுங்கிவிட்டேன். பலகை அதற்கு அடியில்தான் கிடந்தது. இதையும் என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, "வமைதா, உள்ளே விடக்கூடாது" என்று வாசலில் ஒட்டியிருக்கிறீர்களே ஒரு படம், அதில் நான் குனிந்து நிற்கிறேன், முதுகுதான் தெரிகிறது. பார்க்கிறவர்கள் பேத்தி என்று நினைக்கமாட்டார்களா? தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கிமானியை அனுப்பி, முகம் நன்றாகத் தெரிய, புதுப் படம் எடுத்து ஒட்டவும்.