போடியாரைப் புரட்சிக்காரராக்கிய வேணாங் காக்கா

ஐம்பதுகளில் கல்முனைக்குப் புதிதாக எது வந்தாலும் அதை முதலில் எதிர்த்தவர் வேணாங் காக்காதான். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். சந்தைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். உம்மா வைத்த பெயரை ஊரே மறந்துபோகும் அளவுக்கு அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி வந்தது, "வேணாம்" என்றார். கடைக்கு மின்விளக்குப் போடச் சொன்னார்கள். "வேணாம். இருட்டினா மனிசன் வீட்ட போகணும்" என்றார்.

நாங்கள் நாலைந்து இளவட்டங்கள் அவர் கடையிலேயே உட்கார்ந்து, அவர் தேத்தண்ணியையே குடித்துக்கொண்டு, ஏழைகளை அரசாங்கம்தான் பார்க்க வேண்டும் என்று முழங்குவோம்.

"ஒங்கட பக்கத்து ஊட்டுக்காரிர பேரு அரசாங்கத்துக்குத் தெரியுமா மனே? ஒனக்குத் தெரியும். அப்ப நீ பாரு" என்பார்.

தேர்தல் வந்தால், பெரிய நிலக்காரரான போடியாரின் கட்சிக்காகத் தொண்டை கட்டும்வரை கத்துவார். பெரிய குடும்பமும் பழைய வழக்கமும் நிலைத்தால்தான் எளியவன் பிழைப்பான் என்பது அவர் கொள்கை. எங்கள் கணக்கில் அவர் சுத்தப் பிற்போக்குவாதி.

ஒரு வருஷம் போடியார் டிராக்டர் வாங்கினார். கூடவே ஓர் உத்தரவும் போட்டார். அறுப்புக்குப் பின் சிந்திக் கிடக்கும் கதிர்களை இனி அவருடைய ஆட்களே பொறுக்குவார்கள். வழக்கமாக வரும் விதவைகளும் ஏழைப் பெண்களும் வரம்பில் கால் வைக்கக் கூடாது.

நாங்கள் கொதித்தோம். கண்டனக் கூட்டத்துக்கு யார் தலைமை தாங்குவது என்று மும்முரமாகச் சண்டை பிடித்தோம். காக்கா எங்களை எழுப்பிவிட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கைத் தலையில் தூக்கினார். கடையைப் பூட்டிவிட்டுப் போடியாரின் சம்மாந்துறை வயலை நோக்கி நடந்தார்.

பின்னால் ஓடினோம். டிராக்டர் வயலுக்குள் இறங்கும் ஒரே பாதையின் நடுவில் வாங்கைப் போட்டு, குடை விரித்து உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஹோர்ன் அடித்தான். காக்கா கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் போடியாரே வந்தார்.

"காக்கா, நீங்க எங்கட கட்சி ஆளெல்லோ? எழும்புங்க."

"ஓம், அதுக்குத்தான் இதில இருக்கன். சிந்தின கதிரில ஒங்கட வாப்பா கை வைக்கல்ல. மூத்தவாப்பா வைக்கல்ல. இருந்த வழக்கத்த உடைக்கிற நீங்கதான் புரட்சிக்காரன்!"

போடியாரின் முகம் செத்துப்போயிற்று. அவரை அதுவரை யாரும் அவ்வளவு கேவலமாக ஏசியதில்லை.

"சரி, பொம்புளையள வெள்ளிக்கிழம ஊட்ட வரச் சொல்லுங்க. நெல்லு குடுக்கன்."

"வேணாம். வாசல்ல கை நீட்டினா அது பிச்சை. வயல்ல குனிஞ்சு எடுத்தா அது அவங்கட உரிமை."

எங்களில் ஒருவன் உணர்ச்சிவசப்பட்டுச் சிவப்புக் கொடியை உயர்த்தினான். காக்கா திரும்பிப் பார்த்தார்.

"அத மடி. என்னய ஒங்கட ஆளெண்டு நெனைக்கப் போறாங்க."

மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தோம். நண்பகல் லுஹரையும் அங்கேயே தொழுதார். பிறகு வானம் கறுத்தது. அறுத்த நெல்லெல்லாம் வெளியில் கிடந்தது; டிராக்டர் இறங்கினால்தான் ஏற்ற முடியும். போடியார் மேலே பார்த்தார், காக்காவைப் பார்த்தார்.

"சரி, பழைய மாதிரியே வந்து பொறுக்கட்டும்!"

காக்கா உடனே வாங்கை ஓரமாக்கினார். போடியாரின் நெல் நனையாமல் முதல் கதிர்க்கட்டைத் தூக்கியதும் அவர்தான். புரட்சி பேசிய எங்களையும் விடாமல் தூக்க வைத்தார். மறுநாள் காலை பெண்கள் வயலில் இறங்கினார்கள்.

அடுத்த தேர்தலிலும் அவர் போடியார் பக்கம், நாங்கள் எதிர்ப்பக்கம். அவர் மௌத்தான அன்று, ஒரு கருத்திலும் அவரோடு ஒத்துப்போகாத நாங்கள்தான் அவர் உடலைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தோம். பாதி வழியில் ஆள் மாறக் கேட்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.