மஞ்சள் இலைக்கு உடனடித் தீர்வு

உலகத்தில் தீர்க்க முடியாத பிரச்சினை என்று ஒன்று கிடையாது. தீர்க்கத் தெரியாத அதிகாரிகள்தான் உண்டு. நம் குறைதீர்ப்பு அதிகாரி அந்த ரகமல்ல. தொலைபேசி நிறுவனத்தில் அவர் மேஜைக்கு வந்த எந்தப் புகாரும் மறுநாள் சூரியனைப் பார்த்ததில்லை. நாமெல்லாம் கொடுத்துவைத்தவர்கள்.

மனைவி, தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது, புத்தக அலமாரியிலிருந்து ஜன்னல்வரை படர்ந்திருந்த மணிபிளான்ட்டைக் காட்டி, "வாரத்துக்கு ஒரு தடவ தண்ணி. அதுக்கு மேல ஒரு உதவியும் பண்ணிடாதீங்க" என்றாள். கல்யாணமான புதிதில் ஒற்றைக் காம்பாக நட்டு, கண்ணும் கருத்துமாக வளர்த்த கொடி. அதற்கு ஏதாவது ஆனால் தன் கதி என்ன என்பது அதிகாரிக்கு நன்றாகத் தெரியும்.

அவள் போன வேகத்தில் ஓர் இலை மஞ்சளானது. அதிகாரி பதறவில்லை. 'உடனடி நடவடிக்கை' எடுத்தார். அதாவது, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். மறுநாள் இன்னும் சில இலைகள் மஞ்சளாயின. நடவடிக்கையின் அளவு போதவில்லை என்று கண்டறிந்து, இரண்டு சொம்பு ஊற்றினார்.

"அப்பா, மண்ணு சேறாயிடுச்சு. நாத்தம் வேற. தண்ணிய நிறுத்துங்க" என்றாள் மகள்.

"நிறுத்துறதா? சும்மா இருக்கிறதுக்குப் பேரு நடவடிக்கையாம்மா?"

நிலைமை முற்றவே, துணை அதிகாரியுடன் போனில் 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது.

"சார், ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"யோவ், அது செடிய்யா!"

"ரூம் லைட்டச் சொன்னேன் சார்."

அதிகாரி எழுந்துபோய் விளக்கை அணைத்து, மறுபடி போட்டார். இலைகள் அசைந்து கொடுக்கவில்லை.

"அப்போ நம்ம வழக்கமான முறைதான் சார். ஓயாம புகார் பண்ற நம்பர நாம என்ன செய்வோம்?"

"இணைப்பத் துண்டிச்சிடுவோம்."

"அதுக்கப்புறம் அங்கேருந்து புகார் வந்திருக்கா?"

அதிகாரிக்கு உடம்பு சிலிர்த்தது. கத்தரிக்கோலை எடுத்தார். அன்றிலிருந்து மஞ்சள் தலைகாட்டிய இலையெல்லாம் அந்தந்த நிமிடமே 'தீர்த்துவைக்கப்பட்டது'. ஓரம் லேசாகப் பழுத்தவற்றுக்கும் முன்னெச்சரிக்கையாக அதே தீர்வு கிடைத்தது. அப்பாவின் சுறுசுறுப்பைப் பார்த்து மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மனைவி திரும்பிய அன்று அலமாரியிலிருந்து ஜன்னல்வரை ஒரு மொட்டைக் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். பழக்க தோஷம், அதிகாரிக்கு அலுவலகக் குரல் தானாக வந்தது.

"பாரு, ஒரு மஞ்சள் இலைகூட இல்ல. எல்லாப் புகாரும் தீர்ந்தாச்சு."

அவள் கத்தவில்லை. கொடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நானும் உங்ககிட்ட எதையும் சொல்றத விட்டு ரொம்ப வருஷமாச்சு. அதையும் தீர்ந்துபோன புகாருன்னுதான் நினைச்சிட்டு இருக்கீங்களா?"