ஆயிடுச்சுக்காரர்

வாசகரே, தப்பே செய்யாத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. தப்பு அவர்களுக்குப் பக்கத்தில் தானாக நடக்கும். அவர்கள் அதை வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆயிடுச்சுக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல், அதன் வாலில் தமிழில் ஓர் 'ஆயிடுச்சு'. இதை வைத்துக்கொண்டு ஒரு முழு ஆயுளை ஓட்டிவிடலாம்.

நம் ஆள் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளர். ஆளுயர அலமாரி ஒன்றைச் செய்யச் சொல்லி, நாலு பேரை வைத்து வீட்டு மாடிக்கு ஏற்றி, அது வாசலுக்குள் நுழையாமல் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்க, வீட்டார் மூன்று நாள் பக்கவாட்டிலேயே ஏறி இறங்கினார்களே, அப்போது அவர் சொன்னது: "மிஸ்கால்குலேட் ஆயிடுச்சு." மழை வராது என்று பெட்டிகளை வெளியே அடுக்கச் சொல்லி, அத்தனையும் ஊறிப்போன அன்று: "அண்டர்எஸ்டிமேட் ஆயிடுச்சு." யாரால் ஆனது? மழையால் இருக்கலாம்.

ஆங்கிலத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு மோகமா என்று கேட்காதீர்கள். அடுத்தவர் ஒரு பெட்டியைக் குறைத்து எண்ணட்டும், பச்சைத் தமிழ் பொங்கி வரும். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? ஒழுங்கா எண்ணத் தெரியாதா உனக்கு?"

ஒரு விடுமுறை நாளில் கிடங்கு ஊழியர்கள் குடும்பத்தோடு பஸ்ஸில் சுற்றுலா கிளம்பினார்கள். ஓட்டுநர் நீங்கலாக நாற்பது பேர். தலை எண்ணும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வழியில் சாப்பிட இறங்கி எல்லோரும் திரும்ப ஏறியதும், விரலை நீட்டி நீட்டி எண்ணிவிட்டு, "நாப்பது. வண்டிய எடுங்க" என்றார்.

அரை மணி நேரத்தில் கைப்பேசி அடித்தது. மனைவி. பின் சீட்டில் பெண்களோடு வருகிறவள் எதற்குப் போன் பண்ணுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் அவள் இல்லை.

"என்னையும் சேத்து எண்ணிட்டீங்களா சார்?" என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் பார்த்தபடி.

பஸ் திரும்பியது. சாப்பாட்டுக் கடை வாசலில் கைப்பையை மார்போடு அணைத்தபடி அவள் நின்றிருந்தாள். பள்ளியில் தமிழ் டீச்சர். அழுது முடித்த முகம். அவர் இறங்கி ஓடினார்.

"மிஸ்கவுன்ட் ஆயிடுச்சும்மா. வா, ஏறு."

"ஒரு மணி நேரமா நிக்கிறேன். எனக்குப் பயமா இருந்துச்சுங்க."

"புரியுது. கொஞ்சம் ஓவர்லுக் ஆயிடுச்சு."

"எழுவாய் எங்க?"

"என்னது?"

"ஆயிடுச்சு, ஆயிடுச்சுன்னா யாரு செஞ்சது? எழுவாயோட முழு வாக்கியமா சொல்லுங்க. அப்பத்தான் ஏறுவேன். இல்லேன்னா வேற பஸ் பிடிச்சு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது. பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. நேற்றுவரை இவரிடம் வசவு வாங்கியவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கைவசம் இருந்த ஆங்கிலத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை.

"தப்பா எண்ணிட்டோம்" என்றார் கடைசியில்.

"எத்தனை பேரு எண்ணினீங்க?"

"ஒருத்தர்தான்."

அவள் பஸ் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. இரண்டே எழுத்து, அவர் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. வெயில் ஏறிக்கொண்டே போனது.

"நான்... தப்பா எண்ணிட்டேன். உன்ன விட்டுட்டுப் போயிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். அவர் பின்னாலேயே ஏறினார். வானம் இடிந்து விழவில்லை. யாரும் சிரிக்கக்கூட இல்லை. அவருக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

இதைப் படிக்கையில் உங்கள் மைத்துனர் முகமோ மேலதிகாரி முகமோ கண் முன்னால் வந்திருக்கும். வரட்டும். நீங்கள் கடைசியாக ஒருவர் முகத்தைப் பார்த்து, 'நான் தப்புப் பண்ணிட்டேன்' என்று சொன்னது எப்போது? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். என்ன, 'மறந்துபோச்சு' என்கிறீர்களா?

அது போகவில்லை ஐயா. நீங்கள்தான் மறந்தீர்கள்.