துரை கேட்ட சைக்கிள்

“தொரை சைக்கிளக் கேட்டாராங்கய்யா” என்று பங்களாவின் சமையல்கார அப்பு அழகன் வாசலில் நின்று சொன்னபோது, பெரிய கிளாக்கர் லியனார்ட் நாற்காலி மேல் ஏறி நின்று அந்தச் சைக்கிளுக்குத்தான் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். துணி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“எந்தத் தொரைடா?”

“கிரிம்ஸ்டன் தொரைங்க. சீமையிலேருந்து வர்றாரு. சனிக்கிழம பங்களாவுல சாப்பாடு, அப்புறம் உங்க வூட்டுல தேத்தண்ணி. அந்த ரேஸ் சைக்கிள் பத்திரமா இருக்கான்னு கேட்டாராம். கையோட கொண்டு போயிருவாரு போலிருக்குங்க.”

அழகன் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான். லியனார்ட் நாற்காலியிலிருந்து இறங்க மறந்து நின்றார்.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஐந்து வருடமாகிறது. சீமைக்குப் புறப்படும்போது, அதுவரை மேனேஜராக இருந்த கிரிம்ஸ்டன் துரை தன் பந்தயச் சைக்கிளை லியனார்டின் கையில் கொடுத்து, “நான் வரும்வரை பார்த்துக்கொள்” என்றார். துரைமார் அப்படிச் சொன்னால் ‘வைத்துக்கொள்’ என்றுதான் அர்த்தம் என்று லியனார்ட் தன் மனச்சாட்சியிடம் பேசி முடித்திருந்தார். முன்னறைச் சுவரில் இருந்த இருதயநாதர் படம் சமையலறைப் பக்கம் மாறியது. அந்த இடத்தில் இரண்டு கொக்கி அடித்துச் சைக்கிள் ஏறியது.

அதன் பிறகு அந்தச் சைக்கிளில் ஓர் ஈ கூட உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் லியனார்ட் அதைக் கீழே இறக்கி, பேக்டரி முடக்கு வளைவு வரை கையால் தள்ளிக்கொண்டு போய், திரும்பத் தள்ளிக்கொண்டு வருவார். ஏறி மிதிப்பதில்லை. துரை உட்கார்ந்த சீட்டில் கிளாக்கர் உட்காருவது என்ன மரியாதை?

மாலையில் பேக்டரி டீமேக்கர் மரியரட்ணம் வருவார். இருவரும் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, துரைமார் மாதிரி ஒருவரையொருவர் ‘ஐசே’ போட்டுக்கொண்டு பெருமூச்சு விடுவார்கள்.

“இரும்பா ஐசே இது? இங்கிலிஷ் ஸ்டீல். ரெண்டு விரலால தூக்கலாம்” என்பார் லியனார்ட்.

“கியரப் பாருங்க. இத்தாலிக்காரன் கை. இப்ப வர்றதெல்லாம் சைக்கிளா? அரிசி மூட்டை ஏத்துற கட்டை.”

“அது ஒரு காலம், ஐசே!”

அந்த ஒரு காலத்தில், துரையின் சைக்கிள் முடக்கில் தெரிந்தாலே சொந்தச் சைக்கிளிலிருந்து குதித்து, ரோட்டோர வடிகால் கானுக்குள் இறங்கி நின்று சலாம் போட்டவர்தான் லியனார்ட். ஒரு முறை குதிக்க நேரமில்லாமல் சைக்கிளோடு கானுக்குள் போனார். முழங்காலில் உள்ள அந்தத் தழும்பை இப்போதும் வேட்டியை விலக்கிக் காட்டுவார், ஏதோ பந்தயத்தில் கிடைத்த பதக்கத்தைக் காட்டுவதுபோல.

செய்தியைக் கேட்ட அவருடைய மனைவி பவுலின் டீச்சர் சாதாரணமாகச் சொன்னாள். “அவரு சாமான். கேட்டா குடுத்துடுங்களேன்.”

“குடுக்கிறதா?” லியனார்டின் குரல் உடைந்தது. பிள்ளை இல்லாத வீடு. அந்தச் சைக்கிள் போய்விட்டால் சுவரில் இரண்டு கொக்கியும், அதைப் பார்த்துக்கொண்டு அவரும்தான் மிஞ்சுவார்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, “உனக்கென்ன தெரியும் அதோட அருமை?” என்று மட்டும் கத்தினார்.

“நான் ஒண்ணும் சொல்லலப்பா” என்று பவுலின் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளுடைய பள்ளிக்கூடம் கீழ் டிவிசனில், இரண்டு மைல் தள்ளி. அட்டைக்கடி போக மிச்ச இரத்தத்தில்தான் பாடம் நடத்துவாள்.

மேனேஜரிடம் போய் விசாரிக்கலாம்தான். விசாரித்தால் சைக்கிள் இன்னும் நம்மிடம் இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

“எங்க வீட்டுல கொண்டாந்து வைங்க ஐசே. பத்திரமா இருக்கும்” என்றார் மரியரட்ணம், கண்கள் பளபளக்க. அந்தக் கண்களைப் பார்த்ததுமே, அங்கே போனால் இந்த ஜென்மத்தில் திரும்பாது என்று லியனார்டுக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் ஒளிப்பது என்று முடிவானது.

பட்டப்பகலில் தள்ளிக்கொண்டு போக முடியாது. பனி இறங்கும் அந்தி நேரத்தில் சைக்கிளை ஒரு பலகை மேல் படுக்க வைத்து, வெள்ளைப் போர்வையால் மூடி, முன்னால் லியனார்டும் பின்னால் மரியரட்ணமுமாகத் தூக்கினார்கள். பெயிண்ட் உரசிவிடக்கூடாதே என்று மெதுவாக நடந்தார்கள். பிரிவுத் துயரத்தில் லியனார்டின் கண்ணிலிருந்து தண்ணீர் வேறு ஓடியது.

தொழிலாளர் லயத்து வாசலில் நின்ற ராசம்மா பார்த்தாள். வெள்ளைத் துணி, பலகை, அழுதுகொண்டு போகும் பெரிய கிளாக்கர். பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரமாகியும் பவுலின் டீச்சரை யாரும் பார்க்கவில்லை.

“ஐயையோ, டீச்சரம்மா போயிட்டாங்களே!”

அந்த ஒரு குரலுக்கு மூன்று லயமும் திரண்டு வந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். தப்படிப்பவர்கள் வந்து, சருகைக் குவித்து நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர், கோயில் முறைப்படி புதைப்பதா, வேறு ஏதும் ஏற்பாடா என்று லியனார்டிடமே கேட்டார்.

“இது அவ இல்ல! விடுங்க!” என்று லியனார்ட் அலறினார்.

“துக்கத்துல பொலம்புறாரு. பலகையப் புடிங்கப்பா.”

அந்த நேரத்தில் குடையைச் சுருக்கிக்கொண்டு, சேற்றுக் காலோடு பவுலின் முடக்கில் திரும்பினாள். “யாருங்க செத்தது?” என்றாள். ராசம்மா அவளைப் பார்த்து வீறிட்டு மயங்கி விழுந்தாள். விழும்போது போர்வையையும் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்ததால், துரையின் சைக்கிள் தோட்டம் முழுவதற்கும் தரிசனம் கொடுத்தது.

வந்த கூட்டத்துக்கெல்லாம் பவுலின் தேத்தண்ணி ஊற்ற வேண்டியதாயிற்று. இனி ஒளித்து வைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

“மாறுவேசம் போட்டுருவோம் ஐசே” என்றார் மரியரட்ணம்.

பேக்டரியின் பிட்டர் வீரய்யா வரவழைக்கப்பட்டான். வெட்டுவதும் ஒட்டுவதும் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். முதலில் நீல நிறம் போய்க் கறுப்புத் தார் நிறம் வந்தது. ஆட்டுக்கொம்புபோல வளைந்திருந்த ஹேண்டலைக் கழற்றி நேர் ஹேண்டல் போட்டான். மட்கார்ட் வந்தது. பின்னால் கேரியர் வந்தது. மணி வந்தது. ஒரு காலத்தில், அந்தச் சைக்கிளுக்கு மணி வைக்கலாமே என்று சொன்ன சுகாதார இன்ஸ்பெக்டரோடு லியனார்ட் ஆறு மாதம் பேசாமல் இருந்தவர். இப்போது அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தார்.

“முன்னால ஒரு கூடையும் இருந்தா…” என்றாள் அந்தப் பக்கம் வந்த பவுலின். “இல்ல, நான் சும்மா சொன்னேன்.”

“அதுவும் சரிதான். வைடா வீரய்யா!”

எல்லாம் முடிந்ததும் மரியரட்ணம் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “பிரேம் காட்டிக்குடுக்குது ஐசே. அந்த மேல் குழாய் ஒண்ணு போதும். தொரைக்கு இருட்டுல தடவுனாக்கூடத் தெரியும்.”

மூவரும் அந்தக் குழாயைப் பார்த்தார்கள். வீரய்யாவின் கை மெதுவாக ரம்பத்தைத் தேடியது.

“பொம்பளை சைக்கிளாக்கிட்டா எந்தத் தொரைக்குங்க சந்தேகம் வரும்?” என்றான்.

லியனார்ட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இங்கிலிஷ் ஸ்டீல் அறுபடும் சத்தம் அவருக்குக் கேட்டது. காப்பாற்றுவதற்குத்தானே வெட்டுகிறோம் என்று தலையணையிடம் சொல்லிச் சொல்லி அழுதார். வெளியே வந்தபோது மேல் குழாய் போய், கீழே சரிவாக ஒரு பழைய பைப் ஒட்டியிருக்க, மாடு கட்டுகிற கம்பம்போல ஒரு லேடிஸ் சைக்கிள் நின்றது.

“பொம்பளை சைக்கிள்னா பொம்பளை ஓட்டணுமே” என்றார் மரியரட்ணம்.

பவுலின் தயங்கினாள். “படிக்கிற காலத்துல ஹட்டன்ல ஓட்டியிருக்கேன். ஆனா இப்ப போயி… வேணாங்க, எனக்கு வெக்கமா இருக்கு.”

“என் மானத்தக் காப்பாத்து பவுலின்” என்று லியனார்ட் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் வேறு வழியில்லாமல் சம்மதித்தாள்.

சனிக்கிழமை துரை வந்தார். ஜீப்பிலிருந்து அவரை இறக்கவே இருவர் தேவைப்பட்டார்கள். வயிறு முன்னால் வந்திருந்தது. ஒரு முழங்கால் மடங்கவில்லை. தேத்தண்ணி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். பங்களாத் தோட்டத்தில் புதைத்த நாயைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு முறை அவர் வாயைத் திறந்தபோதும் லியனார்டின் சட்டை நனைந்தது.

அப்போது மணியடித்துக்கொண்டு பவுலின் வந்தாள். முன் கூடையில் லீக்ஸ், பின் கேரியரில் போஞ்சிக்காய் மூட்டை. சேலையைச் செருகிக்கொண்டு, சிரித்த முகமாய் ஸ்டைலாக இறங்கினாள்.

துரை சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நல்ல சைக்கிள், மேடம். ரொம்ப உபயோகமான சைக்கிள்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, துரை இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். அதோடு சரி. ஜீப் போய்விட்டது.

லியனார்டுக்கு இரண்டு விதமாக இருந்தது. பிழைத்தோம் என்று ஒரு நிம்மதி. இத்தனை வருடம் மிதித்த சைக்கிளை அடையாளம் தெரியாத மனுஷனா இவர் என்று ஒரு கோபம். ஆனாலும் சீமைத் துரையையே ஏமாற்றிவிட்ட பெருமையில் மரியரட்ணத்தின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

“கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு ஐசே. என் மூஞ்சியப் பாத்துட்டு அடங்கிட்டாரு.”

மறுநாளே வீரய்யாவைக் கூப்பிட்டு, பழையபடி மாற்றச் சொன்னார்.

“அந்தக் குழாயாங்க? பேக்டரி அடுப்புக் கதவுக்குத் தாழ்ப்பாளாப் போட்டாச்சுங்களே.”

லியனார்ட் முன்னறைச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். கொக்கிகளில் மாட்ட இனி எதுவும் இல்லை. பவுலின் அவர் தோளைத் தொட்டு, “விடுங்க. வீணாப் போகாம நானே ஓட்டிக்கிறேன்” என்று பெருமூச்சு விட்டாள். தன் துக்கத்தில் பங்கெடுக்க இப்படி ஒரு மனைவியா என்று லியனார்ட் உருகிப்போனார்.

அன்று மாலை பவுலின் தலவாக்கலைச் சந்தைக்கு மிதித்துப் போயிருந்தாள். லியனார்ட் சமையலறையில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அறை முழுக்கப் புகை. பின் ஜன்னலுக்கு வெளியே, புகைக்குள் விறகு ஊதுவது டீச்சர்தான் என்று நினைத்த அழகனின் குரல் மெதுவாகக் கேட்டது.

“டீச்சரம்மா, நீங்க சொல்லிக்குடுத்தபடியே ஐயாகிட்ட சொல்லிட்டேன்ல? அடுத்த தடவ தொரை வரும்போது, எந்தச் சாமானக் கேட்டாருன்னு சொல்லணுங்க?”