இத்தாலியில் ரேடியோ அக்கா

மலேசியாவில் எங்கள் ரிங்லெட் தேயிலை மலையில் ரேடியோ அக்காவின் வாயை அடைத்த ஆள் கிடையாது. பனி இறங்கி எதிரில் நிற்பவர் தெரியாத நாளில் கங்காணி விசில் ஊத மாட்டார். அக்காவின் பேச்சுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே எல்லாரும் லாரிக்கு வந்து சேர்ந்துவிடுவோம்.

இரண்டு பேரும் நாற்பது வருடம் ஒன்றாகக் கொழுந்து பறித்தோம். இடது நிரை அவருக்கு, வலது நிரை எனக்கு. அவர் பேசுவார், நான் ‘ம்’ போடுவேன்.

வேலையிலிருந்து நின்ற பிறகு, கோலாலம்பூரில் இருக்கும் அக்காவின் மகள் அவரை இத்தாலிக்குச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டாள். தஸ்கனி என்று ஒரு பக்கமாம். மலை மலையாகத் திராட்சைத் தோட்டம், வைன் செய்கிற ஊர். படத்தைப் பார்த்ததிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை.

“பாக்கியம், நம்ம மலை மாதிரியே இருக்குடி! சரிவுல நெரை நெரையா. நீயும் வா. மக டிக்கெட் எடுக்கிறேங்குறா.”

எனக்கும் ஆசைதான். ஆனால் ரிங்லெட் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கவே கூசுகிறவள் நான். வெள்ளைக்காரர்கள் முன்னால் முள்கரண்டி பிடித்து எப்படிச் சாப்பிடுவேன்?

“முட்டி வலிக்குதுக்கா” என்றேன்.

“பொய் சொல்லாதலா! நேத்து பஸ்ஸ பிடிக்க நீ ஓடுன ஓட்டத்துக்கு பஸ்ஸே பயந்து நின்னுச்சு.”

அப்படியும் நான் போகவில்லை.

அங்கே நடந்ததை மகள் கைப்பேசியில் பிடித்து வந்தாள். வழிகாட்டி முன்னால் போகிறார், அக்கா பின்னால். நிரையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்குமா? கொடியின் இளந்தளிரை இரண்டு கையாலும் கிள்ளிக் கிள்ளி, முதுகில் கூடை இருக்கிற நினைப்பில் தோளுக்குப் பின்னால் எறிகிறார். பின்னால் வந்த வெள்ளைக்காரர்களின் தலையெல்லாம் திராட்சைத் தளிர்!

“ஐயோ அம்மா, நிப்பாட்டுங்கம்மா!” என்று மகள் அலறுகிறாள். தோட்டக்காரக் கிழவர் ஓடி வருகிறார். நிரையைப் பார்க்கிறார். சிரிக்கிறார். மறுநாள் அந்த நுனிகளை வெட்ட அவரே ஆள் சொல்லி வைத்திருந்தாராம். சந்தோஷத்தில் ஒரு கிளாஸ் வைன் நீட்டுகிறார்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி போட மறந்துட்டியாய்யா?” என்கிறார்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகுதான் கவனித்தேன். இடது பக்க நிரை மட்டும்தான் மொட்டையாகியிருந்தது.

“வலது பக்கம் ஏன்கா தொடல?”

“அது உன் நெரைடி. அடுத்த வருசம் நீயே வந்து கிள்ளு.”

ஈப்போவுக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்தேன். நான் தலையைக் குனிந்துகொண்டே இருந்ததால் போட்டோவை மூன்று தடவை பிடித்தார்கள். அடுத்த வருடம் வந்தது, அக்காதான் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்.

அக்காவின் மகள் இப்போதும் என்னைக் கூப்பிடுகிறாள். போனால் என் நிரையைக் கிள்ளிவிடுவேன். நான் ‘ம்’ போட அங்கே யார் பேசுவார்கள்?