கிளை-12: ஒரு கீரியின் முதல் பார்வை

ஒரு காட்டில் ஒரு செல்போன் டவரும் ஒரு கீரியும் இருந்தன. காட்டுக்குள் டவர் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். மான் பேசும், மந்தி பேசும் என்றால் தலையாட்டிக்கொண்டு கேட்கிறீர்கள், டவரை மட்டும் நம்ப மாட்டீர்களா?

கீரியின் பெயர் ஏகாம்பரம். ஒரு காலத்தில் பாம்பு பிடித்துப் பிழைத்த கீரிதான். பாம்போடு மல்லுக்கட்டுவதைவிடப் போனைப் பற்றிப் பேசுவது சுலபம் என்று தெரிந்த அன்றே அந்தத் தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, புதிதாக வரும் கைப்பேசிகளுக்கு ‘முதல் பார்வை’ சொல்ல ஆரம்பித்துவிட்டது. முதல் பார்வை என்றால் என்னவென்று தெரியாத அப்பாவிகளுக்காகச் சொல்கிறேன். ஒரு போனை ஒரு நாள்கூடப் பயன்படுத்தாமல் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதற்குத்தான் அந்தப் பெயர். பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பேசினால் அது விமர்சனம். விமர்சனம் வருவதற்குள் எல்லோரும் போனை வாங்கி முடித்திருப்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் காட்டில் போன் தயாரித்து விற்றவை மந்திகள். விரல் இருந்தது அவற்றுக்குத்தானே. கம்பெனியின் தலைவி மரகதவல்லி என்கிற மந்தி. கம்பெனி தொடங்குவதற்கு முன்பு மந்திகளுக்கு இருந்த வேலை மர உச்சியில் உட்கார்ந்து பழம் தின்பதுதான். பாதி தின்பதும் மீதியைக் கீழே எறிவதும் அவற்றின் வழக்கம். எறிந்ததைக் கீழே மான்கள் பொறுக்கித் தின்னும். தூரத்தில் சிறுத்தையின் வால் தெரிந்தால் போதும், மந்திகள் உச்சியிலிருந்து காடே அதிரக் கத்தும். மான்கள் ஓடிவிடும். தன்னை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்த சிறுத்தை, ஒன்றும் நடக்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிப் போய்விடும். இத்தனை தலைமுறையாக ஓசியில் கத்திவிட்டோமே என்று மரகதவல்லிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் ‘கிளை-12’ என்கிற கைப்பேசி.

வெளியீட்டு விழா ஆலமரத்தடியில் நடந்தது. மரகதவல்லி மேடையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மெல்ல நடந்தது, நின்றது, கைதட்டலுக்காகக் காத்திருந்தது, மறுபடி நடந்தது. இதுவரை வந்த கிளைகளிலேயே இதுதான் மெல்லியது என்றது. உண்மைதான். உடம்பு அவ்வளவு மெல்லியதாகிவிட்டதால் கேமரா அதற்குள் அடங்காமல் முதுகில் பருவாகப் புடைத்துக்கொண்டு நின்றது. பாறையில் வைத்தால் கால் உடைந்த ஸ்டூல் மாதிரி ஆடியது. கையிலிருந்து வழுக்கும் என்பதால் தடிமனான உறை ஒன்றையும் கூடவே விற்றார்கள். உறை போட்டதும் போன் போன வருடத்துப் போனைவிடக் குண்டாகிவிட்டது. அதிகாலைச் சேறு, பழுத்த சருகு, யானைத் தோல் என்று மூன்று நிறங்களில் வந்தது. மூன்றும் பார்ப்பதற்குச் சாம்பல் நிறம்தான்.

கடைசியாக வந்தது விழாவின் பெரிய சங்கதி, சிறுத்தை எச்சரிக்கை. மோப்பம் பிடிக்கும் சென்சார் ஒன்று உள்ளே இருக்கிறதாம். சிறுத்தை பக்கத்தில் வந்தால் போன் தானாகவே அலறுமாம். ஒரு குட்டி மந்தி புள்ளி போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு மேடையின் குறுக்கே நடந்தது. துணியில் என்ன தடவியிருந்தார்களோ, போன் அலறிய அலறலில் முன்வரிசை மான்கள் எழுந்து ஓடவே தொடங்கிவிட்டன. பிறகு அசடு வழியத் திரும்பி வந்து எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டின. கைதட்டல் ஓய்வதற்குள் மரகதவல்லி இன்னொன்றையும் சொல்லிவிட்டது. மர உச்சியிலிருந்து கத்துவது பழைய மாடல், இன்றோடு அதற்கு சப்போர்ட் நிறுத்தப்படுகிறது. கைதட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் அது சரியாகக் காதில் விழவில்லை.

விழா முடிந்ததும் ஏகாம்பரத்தின் கையில் கொஞ்ச நேரம் போனைக் கொடுத்தார்கள். பக்கத்தில் காவலுக்கு ஒரு மந்தி நின்றது. ஏகாம்பரம் போனை முன்னும் பின்னும் புரட்டியது, எடை பார்த்தது, திரையில் தன் மீசையைச் சரிசெய்துகொண்டது. எல்லாம் ஜோர். ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. அலறுகிற போனை நிறுத்த வேண்டுமானால் விரல் ரேகை வைக்க வேண்டும். குளம்பு உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, குளம்புக்கு அடுத்த அப்டேட்டில் வழி செய்யப்படும் என்று காவல் மந்தி சொன்னது.

அப்போதுதான் ஏகாம்பரத்தின் மண்டையில் இன்னொன்றும் உறைத்தது. முன்பெல்லாம் சத்தம் மர உச்சியிலிருந்து வரும். இனி அது போன் கிடக்கும் இடத்திலிருந்து வரும். போன் எங்கே கிடக்கும்? ஒளிந்திருப்பவன் மடியில் கிடக்கும். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தது. அடுத்த வருட விழாவிலும் முன்வரிசையில்தானே உட்காரப்போகிறீர்கள் என்று காவல் மந்தி அன்பாக விசாரித்தது. ஏகாம்பரம் திறந்த வாயாலேயே சிரித்தது. அன்று சாயங்காலம் வந்த முதல் பார்வையில், “சவுண்ட் பிரமாதம், பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்” என்று சொல்லியிருந்தது. பொய் சொன்னதாக யாரும் அதைக் குற்றம் சாட்ட முடியாது, பாருங்கள்.

அதைப் பார்த்துவிட்டுப் பூங்கோதை என்கிற புள்ளிமான் ஏகாம்பரத்தின் புற்றுக்கு வந்தது. அதற்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. மான் இனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குட்டியை உயரமான புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தாய் தள்ளிப்போய் மேயும். குட்டி காதைக்கூட ஆட்டாமல் கிடக்கும். புள்ளியும் நிழலும் கலந்து, பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. இத்தனை நாளும் மந்திகளின் குரலை நம்பித்தான் பூங்கோதை தள்ளிப்போய் மேய்ந்தது. இப்போது மந்திகள் வாயை மூடிக்கொண்டன. போன் வாங்கிய நாளிலிருந்து ஒரு கோடை முழுக்க மரத்தடிப் பழத்தில் வாய் வைக்கக் கூடாது என்பது கம்பெனியின் நிபந்தனை. பால் கொடுக்கிற தாய்க்கு அது சின்ன விஷயமில்லை.

“ஏகாம்பரண்ணே, நான் பழத்தைப் பத்தி யோசிக்கல. என் குட்டிய இதை நம்பி விட்டுட்டுப் போகலாமா, அதை மட்டும் சொல்லுங்க.”

ஏகாம்பரம் விழா நடந்த ஆலமரத்தின் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தது. முன்வரிசை நாற்காலி கண்ணுக்குள் வந்து நின்றது.

“முதல் பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. முழு விமர்சனம் அப்புறம் வரும்” என்றது.

பூங்கோதை நன்றி சொல்லிவிட்டு நேராகப் போய் வரிசையில் நின்றது.

பூங்கோதைக்கு முன்பே போன் வாங்கியது குப்பாண்டி என்கிற முயல். காட்டிலேயே முதல் கிளை-12 தனதுதான் என்று திரை மேல் ஒட்டிய தாளைக்கூட உரிக்காமல் ஊரெல்லாம் காட்டியது. சாயங்காலம் சிறுத்தை அந்தப் பக்கம் வந்தது. குப்பாண்டி வழக்கம்போல் புதருக்குள் பதுங்கிக்கொண்டது. போன் அலறியது. குப்பாண்டி முன்காலை வைத்துத் தேய்த்தது, பின்காலை வைத்துத் தேய்த்தது, மூக்கை வைத்தும் தேய்த்துப் பார்த்தது. ரேகை சரியில்லை, மீண்டும் முயற்சி செய்யவும் என்று திரையில் வந்தது. மீண்டும் முயற்சி செய்யக் குப்பாண்டிக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

முயல் வீட்டார் கம்பெனிக்குப் போய் அழுதார்கள். போனைச் சோதித்துப் பார்த்த மந்திகள், எச்சரிக்கை சரியான நேரத்தில் சரியாக ஒலித்திருக்கிறது, வாடிக்கையாளர்தான் சரியான விரலைப் பயன்படுத்தவில்லை என்று விளக்கம் கொடுத்தன. அடைக்கலம் என்கிற அந்தச் சிறுத்தை கிளை-12க்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுக் கீழே இப்படி எழுதியிருந்தது: “அருமையான போன். வாங்காதவர்களுக்கும் பயன்படுகிறது.”

முயலின் கதி ஏகாம்பரத்தை உலுக்கிவிட்டது. ஆனால் உலுக்கலும் வாயும் வேறு வேறு அல்லவா. நிதானமாக யோசித்து முழு விமர்சனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது. முயல் வீட்டு அழுகை மேய்ச்சல் காட்டுவரை எட்டவில்லை. பூங்கோதை குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்து, பக்கத்தில் போனையும் வைத்துவிட்டு, வெகு தூரம் போய் மேய ஆரம்பித்தது. தைரியம் வந்துவிட்டதால் முன்பைவிட அதிக தூரம் போனது.

அந்தப் புல்வெளிக்கு எதிரில்தான் ஏகாம்பரத்தின் புற்று. அந்தி சாயும் நேரம் அது வெளியே எட்டிப் பார்த்தபோது சிறுத்தை அடைக்கலம் புல்லை விலக்கிக்கொண்டு நேராக அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.  போன் இப்போது அலறும், இப்போது அலறும் என்று ஏகாம்பரம் கண்ணை இறுக மூடிக்கொண்டது. அலறவில்லை. கண்ணைத் திறந்தது. சிறுத்தை குட்டியிலிருந்து ஒரு தாவலுக்கும் குறைவான தூரத்தில் நின்றது, காதைத் தீட்டிக்கொண்டு ஏதாவது போன் அடிக்கிறதா என்று கேட்டது. ஒன்றும் கேட்காமல் ஏமாற்றத்தோடு நடையைக் கட்டியது. ஏகாம்பரம் ஓடிப்போய்ப் பார்த்தது. குட்டி கண்ணைக்கூட இமைக்காமல் கிடந்தது. போன் செத்துக் கிடந்தது. காலையிலிருந்து மோப்பம் பிடித்து மோப்பம் பிடித்தே பேட்டரி மத்தியானத்தோடு தீர்ந்துபோயிருந்தது.

பூங்கோதை திரும்பி வந்தது. குட்டிக்குப் பக்கத்தில் சிறுத்தையின் காலடித் தடத்தைப் பார்த்ததும் ஒரே தாவலில் குட்டியிடம் போய் நின்றது. குட்டியை நக்கியது. பிறகு போனையும் நக்கியது.

“நீதான்டா என் சாமி” என்று போனைப் பார்த்து அழுதது.

வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஏகாம்பரம் முன்வரிசையை மறந்துவிட்டது. சாமியெல்லாம் இல்லை, பேட்டரி தீர்ந்துபோனதால்தான் குட்டி பிழைத்தது, அது மட்டும் அடித்திருந்தால் குப்பாண்டியின் கதிதான் என்று தான் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னது. விழாவிலேயே தனக்கு இது தோன்றியதையும், சொல்லாமல் விட்டுவிட்டதையும் ஒத்துக்கொண்டது. “தங்கச்சி, தயவுசெஞ்சு இதைக் கொண்டுபோய் ஆத்துல போட்டுரு” என்று கெஞ்சியது.

பூங்கோதையின் முகம் மாறிவிட்டது.

“ஒரு கோடைப் பழத்த விட்டுக் குடுத்து, பாலு வத்த வத்த இதை வாங்கியிருக்கேன். இது ஒண்ணுமே பண்ணலைன்னா அப்ப நான் யாரு, முட்டாளா?”

 ஏகாம்பரத்திடம் உண்மையான பதில் இருந்தது, அதைத் தாயிடம் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காடு முழுக்க விஷயம் பரவிவிட்டது. கிளை-12 ஒரு குட்டியைச் சிறுத்தையிடமிருந்து காப்பாற்றியது என்றுதான் பரவியது. ஏகாம்பரம் சொன்னதும் கூடவே பரவியது. போன் வாங்கியிருந்த அத்தனை விலங்குகளும் அதன் மீது பாய்ந்தன. காசு வாங்கிக்கொண்டு பேசுகிறது என்றது ஒரு காட்டுப்பன்றி. போன் வாங்க வக்கில்லாத பொறாமை என்றது ஒரு மிளா மான். முதல் பார்வையில் பிரமாதம் என்று சொல்லிவிட்டு இப்போது பேச்சை மாற்றுகிறதே என்று எல்லாமே கேட்டன, அந்தக் கேள்வியில் மட்டும் நியாயம் இருந்தது. ஒரு வாரத்தில் ஏகாம்பரத்தைப் பார்க்க ஆளே இல்லாமல் போய்விட்டது. மறுபடியும் பாம்பு பிடிக்கலாம் என்று கிளம்பிப் போன கீரி, பாம்பைப் பார்த்ததும் பயந்து திரும்பி வந்தது. வந்ததும் மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டது. குட்டியைக் காப்பாற்றியது போன்தான், அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாதது தன் தவறு என்றது.

ஒரு வருடம் போனது. கிளை-13 வெளியீட்டு விழா வந்தது. மரகதவல்லி மேடையில் பாதி தூரம் நடந்து நின்றுவிட்டு, இந்த முறை பேட்டரி மூன்று நாள் நிற்கும், நடுவில் அணையவே அணையாது என்றது. கைதட்டலில் ஆலமரத்து இலைகள் உதிர்ந்தன. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அடைக்கலம் எழுந்து நின்றே கைதட்டியது.

விழா முடிந்ததும் போனை ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தார்கள். முன்வரிசையில் பூங்கோதை புதிதாகப் பிறந்த குட்டியோடு காத்திருந்தது. கம்பெனி விளம்பரத்தில் வந்த பிறகு அதை எல்லோருக்கும் தெரியும்.

“அரை நாள் சார்ஜுலயே மூத்தவனக் காப்பாத்திருச்சு, அண்ணே. மூணு நாள் நின்னா, இவனைப் பத்தி நான் கவலையே பட வேண்டாம்ல?”

குட்டி தாயின் காலுக்கு நடுவிலிருந்து ஏகாம்பரத்தைப் பார்த்தது. எதிரில் இருப்பவர் நல்லவர் என்று நினைத்ததோ என்னவோ, கண்ணை எடுக்கவே இல்லை. ஏகாம்பரம் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. காட்டில் உள்ள அத்தனை விலங்குகளும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

“பேட்டரி பிரமாதம், தங்கச்சி” என்றது ஏகாம்பரம்.

நீதி: குட்டி உள்ளவர்கள் தாராளமாகப் புது போன் வாங்கலாம், சார்ஜ் மட்டும் போடக் கூடாது.